கடைவரிசை மாணவர்: கல்முனைக் கரையோரக் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

இலங்கையின் கீழ்க்கரையிற் பெரியநீலாவணை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள நிலம், கடலுக்கும் வயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையாகும். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று தொட்டு இங்கு நிற்கின்றன. 1961ஆம் ஆண்டுவரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த இக்கரை, அதன்பின் அம்பாறை மாவட்டத்துள் அடங்கியது. உழவும் நெசவும் மீன்பிடியும் வாணிகமும் இங்குள்ளாரின் பழந்தொழில்கள். இருபதாம் நூற்றாண்டில் இவற்றோடு கல்வியும் ஒரு செல்வமாகச் சேர்ந்தது. ஆசிரியர், மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணிகள் எனப் பலரை இக்கரை நாட்டுக்கு அளித்தது.

இவ்வூர்களின் கல்வி வரலாறு எழுதப்படும்பொழுதெல்லாம் அது தேறியோரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. அவர்களோடு அதே வகுப்பில், அதே கூரையின் கீழ், கடைசி வாங்கில் அமர்ந்திருந்து, ஏடெழுத்து அறியாமலே பாடசாலையை விட்டு நீங்கிய பிள்ளைகளைப் பற்றி எந்த மலரிலும் ஒரு வரியேனும் காண்டல் அரிது. அவர்களுட் பலர் சோம்பலாற் கெட்டவர் அல்லர். மெல்லக் கற்கும் இயல்பினர். அத்தகைய பிள்ளையைச் சமூகம் எவ்வாறு நோக்கி வந்தது, எந்தக் காலத்தில் அவன் வகுப்பறையில் இடமிழந்தான், அவனுக்கு அவ்விடத்தை மீட்டளிக்கும் வழி யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

பெயரும் பொருளும்

கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகளெல்லாம் ஓரினத்தர் அல்லர். கண்பார்வையோ செவிப்புலனோ குன்றியமையாற் பாடத்தைப் பின்தொடரமாட்டாதார் சிலர். நுண்மதியிற் குறைவின்றி, எழுத்துக்களைக் கூட்டி வாசிப்பதொன்றில் மட்டும் இடர்ப்படுவோர் சிலர். இந்நிலை டிஸ்லெக்சியா எனப்படும். பசியாலும் நோயாலும் துயராலும் வரவுக் குறைவாலும் பின்தங்குவோர் வேறு சிலர். இவர்கள் யாவரின் வேறாய், விளங்கிக்கொள்ளுதல், நினைவில் வைத்தல், ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகித்தல் ஆகிய ஆற்றல்கள் பொதுவாகவே மெதுவாக வளரும் பிள்ளைகள் உளர்.

இவர்களுள் நுண்மதி ஈவு ஏறத்தாழ 50க்கும் 70க்கும் இடைப்பட்டு, அன்றாட வாழ்விலும் ஓரளவு பிறர் துணையை வேண்டி நிற்போரை இலேசான அறிவுசார் இயலாமை உடையோர் என மருத்துவ நூலார் வகுப்பர். ஈவு 70க்கும் 85க்கும் இடைப்பட்டோரை இயலாமை உடையோர் என்றல் தவறு; அவர்கள் மெல்லக் கற்போர் மட்டுமே. நுண்மதி ஈவின் சராசரி 100 என்றும், நியம விலகல் 15 என்றும் கொண்டு செவ்வன் பரம்பலின்படி கணித்தால், நூற்றுவரில் ஏறத்தாழ இருவர் முதல் எல்லைக்குக் கீழும், பதின்மூவர் அல்லது பதினால்வர் இரண்டாம் எல்லைக்குள்ளும் அமைவர். நாற்பது பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பில் முதல் வகையினர் ஒருவரும் இரண்டாம் வகையினர் ஐவரும் இருத்தல் எதிர்பார்க்கத்தக்கதே. ஆதலின் இஃது எங்கோ ஒரு வீட்டில் நிகழும் அரிய துன்பம் அன்று. ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வோர் ஆண்டும் நேரிற் சந்திக்கும் நிகழ்ச்சி.

இலேசான இயலாமையின் சிறப்பியல்பு யாதெனில், அது முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. பிள்ளை சற்றுப் பிந்திப் பேசியிருக்கலாம். ஆயினும் பேசுகின்றது, ஓடியாடுகின்றது, கடைக்குப் போய் வருகின்றது. தாய்க்கும் ஐயம் தோன்றுவதில்லை. பாடசாலையிற் சேர்ந்து இரண்டொரு ஆண்டு கழிந்த பின்னரே வேற்றுமை புலப்படுகின்றது. அப்பொழுது அதற்கு இடப்படும் பெயர் ‘மொக்கு’ என்பது. முறையாகக் கற்பிக்கப்பெற்றால் இத்தகைய பிள்ளைகள் பதின்பருவ இறுதியில் ஏறத்தாழ ஆறாம் வகுப்பளவான கல்வியை எட்டவல்லர் என்பதும், வளர்ந்தபின் தொழில் செய்து குடும்பம் நடத்த வல்லர் என்பதும் பலரறியாத உண்மைகள்.

பழைய பள்ளிகள்

மாணாக்கருள் வேற்றுமை உண்டென்பதைப் பண்டைத் தமிழாசிரியர் நன்குணர்ந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகையாக்கினார். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடைமாணாக்கர். இவ்வுவமைகளுள் மண் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. உழவன் செய்யும் முயற்சியின் அளவுக்கே நிலம் விளைவு தரும். அதுபோல ஆசிரியர் முயற்சியின் அளவுக்கே பயன் காட்டும் மாணாக்கன் மண்ணை ஒப்பான் என்பது உரையாசிரியர் கருத்து. பாடத்தை இருமுறை கேட்டாற் பிழை குன்றும் என்றும், மும்முறை கேட்டால் முறையறிந்து சொல்லும் ஆற்றல் வரும் என்றும் அந்நூலே கூறுகின்றது. மீட்டும் மீட்டும் கேட்பதை இழிவாகக் கருதாத ஒரு கல்வி மரபு இதிற் புலனாகின்றது.

இஸ்லாமிய மரபிலும் இதற்கு ஒத்த செய்தி உண்டு. நபிகள் நாயகம் ஒரு சொல்லைக் கூறும்பொழுது, கேட்போர் விளங்கிக்கொள்ளும்பொருட்டு மும்முறை கூறுவார்கள் என நபிமொழித் தொகுப்புக்கள் பதிவுசெய்துள்ளன. வேறுபட்ட இரு நெறிகள் ‘மும்முறை’ என்னும் ஓரெண்ணிற் சந்தித்தமை வியப்பூட்டுவது. பௌத்த மரபிற் சூளபந்தகர் கதை வழங்குகின்றது. நான்கு மாதம் முயன்றும் ஒரு செய்யுளை மனத்தில் நிறுத்தமாட்டாத அவரைத் தமையனாரே மடத்தினின்றும் நீங்கப் பணித்தார். புத்தரோ அவர் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து அதனைத் தடவிக்கொண்டிருக்கச் செய்தார். கையில் அழுக்கேறிய அத்துணியினின்றே அவர் நிலையாமையை உணர்ந்தார். செவி வழியாற் புகாத பாடம் கை வழியாற் புகும் என்னும் உண்மை இக்கதையுள் அடங்கியுள்ளது. பாடத்தில் நாட்டமில்லா அரச குமாரர் மூவர்க்குக் கதைகளின் வாயிலாக நீதி புகட்ட எழுந்ததாகவே பஞ்சதந்திரமும் தன் தோற்றத்தைக் கூறுகின்றது.

கல்முனைக் கரையின் முஸ்லிம் ஊர்களில், அரசினர் பாடசாலைகள் தோன்றுமுன் பிள்ளைகளின் முதற் கல்விக்கூடம் குர்ஆன் ஓதும் பள்ளியே. லெப்பையின் வீட்டு முற்றத்திலோ பள்ளிவாசலின் ஓரத்திலோ பல வயதுப் பிள்ளைகள் ஒருங்கிருந்து ஓதுவர். ஒருவன் அறபு எழுத்துக்களைக் கூட்டிக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் இருப்பவன் முப்பதாம் பாகத்தை ஓதிக்கொண்டிருப்பான். லெப்பை ஒவ்வொருவரையும் தனித்தனி அழைத்து அவரவர் பாடத்தைக் கேட்பார். அப்பாடம் திருந்தினாலன்றி மறு பாடம் இல்லை. திருந்துதற்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். தமிழ் ஊர்களின் திண்ணைப் பள்ளிகளிலும் ஏறக்குறைய இம்முறையே நிலவியது. மணலில் விரலால் எழுதிப் பழகி, எழுத்துத் திருந்திய பின்னரே பிள்ளை ஏட்டைத் தொடும். இப்பள்ளிகளில் வகுப்பு என்பதில்லை. ஆகவே வகுப்பிற் பின்தங்குதலும் இல்லை.

இதனைப் பொற்காலம் என்று புகழ்தல் பொருந்தாது. பிரம்பு அங்கு தாராளமாக வழங்கியது. பொருள் அறியாமல் ஒலியை மட்டும் மனனஞ்செய்தலே பெரும்பாலும் கல்வியெனப்பட்டது. பெண்பிள்ளைகள் ஓதி முடித்தவுடன் வீட்டுக்குள் நிறுத்தப்பட்டனர். ஆயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் நடை உண்டென்னும் கொள்கை, அதைக் கொள்கையென்று அறியாமலே, அங்கு பின்பற்றப்பட்டது.

மணலெழுத்து மேனாடு சென்றமை

இப்பழைய முறையின் ஒரு கூறு உலகப் புகழ்பெற்ற வரலாறு குறிப்பிடத்தக்கது. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரிற் படைவீரரின் அநாதைச் சிறுவர்க்கான பள்ளியை நடத்தியவர் அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். முன்னேறிய மாணவனைக் கொண்டு பின்தங்கிய மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கு வளர்த்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் இஃது இங்கிலாந்திற் பரவியது.

ஆனால் மேனாட்டிலிருந்து திரும்பி வந்த கல்வி ஏற்பாடு வேறுருவங்கொண்டிருந்தது. ஒரே வயதினர், ஒரே அறை, ஒரே புத்தகம், ஆண்டிறுதியில் ஒரே சோதனை என்பன அதன் இலக்கணங்கள். 1862இல் இங்கிலாந்தில், மாணவர் சோதனையிற் பெறும் பெறுபேற்றின்படி பாடசாலைக்குப் பணம் வழங்கும் விதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 1869ஆம் ஆண்டிற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதன் பின்னர் நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கும் இதையொத்த விதி வந்தது. சோதனையில் தவறும் பிள்ளை பாடசாலையின் வருவாயைக் குறைக்கும் பிள்ளையாயிற்று. மெல்லக் கற்போன் வகுப்பறையில் இடமிழந்த காலம் இதுவே எனலாம். அவனது இயல்பு மாறவில்லை. அவனைச் சுற்றியிருந்த கடிகாரமே மாறியது.

அளவுகோல் பிறந்தமையும் பிழைத்தமையும்

இதே காலத்தில் மேனாட்டிலேயே இப்பிள்ளைகளுக்காக உழைத்த பெரியோரும் தோன்றினர். 1800ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சிற் காட்டினின்றும் மீட்கப்பட்ட பேச்சறியாச் சிறுவன் ஒருவனுக்கு ஐந்தாண்டளவு கற்பித்த இற்றார் என்னும் மருத்துவர், புலன்களின் வழியே அறிவைத் தட்டியெழுப்பலாம் என்று காட்ட முயன்றார். அவர் மாணவரான செகேன், கையையும் கண்ணையும் பயிற்றும் கருவிகள் பலவற்றை அமைத்தார். செகேனின் நூல்களைக் கற்ற இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசூரி, உரோமாபுரியில் அறிவுக்குறைவுடையோர் எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு அம்முறையிற் கற்பித்தார். அவர்களுட் சிலர் ஏனைய பிள்ளைகளுக்குரிய பொதுச் சோதனையிலேயே தேறினர். ஊர் அதனை வியந்தது. மொண்டிசூரி அம்மையாரோ, நலமுடைய பிள்ளைகள் இவர்களோடு ஒத்த நிலையில் நிற்கும்படி அவர்களைத் தடுப்பது யாது என்று வினவினார். 1907இல் அவர் நிறுவிய குழந்தைகள் இல்லம் அவ்வினாவின் பயனாகும். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக் கற்கும் அவர்தம் முறைக்கும், கீழ்த்திசைப் பள்ளியின் மணலெழுத்துக்கும் உள்ள உறவு வெளிப்படை. 1939இற் சென்னை அடையாறுக்கு வந்த அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து சென்றார்.

நுண்மதியை அளக்கும் கருவியும் இக்காலத்தில் எழுந்ததே. கட்டாயக் கல்வி நிலவிய பிரான்சில், தனிக் கவனிப்பு வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிய 1904இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் பயனாக அல்பிரட் பினே, சிமோன் என்னும் அறிஞர் இருவரும் 1905இல் தம் சோதனையை வெளியிட்டனர். பினேயின் நோக்கம் உதவி வேண்டுவோரை அறிதலேயன்றி ஒதுக்குதல் அன்று. நுண்மதி மாறாத ஓர் அளவு என்று சொல்வோரை அவர் 1909இல் வெளிப்படையாகக் கண்டித்து, பயிற்சியால் அது வளரும் என வற்புறுத்தினார். அவர் 1911இல் மறைந்தபின் அக்கருவி வேறு கைகளிற் சிக்கியது. அமெரிக்காவில் அது வம்சத்தின் இழிவைக் காட்டும் சான்றாகவும், மக்களை விடுதிகளில் அடைத்து வைக்கக் காரணமாகவும் பயன்பட்டது.

அளவுகோலின் நிலையாமைக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1959இல் அமெரிக்க அறிஞர் சங்கமொன்று சராசரியினின்றும் ஒரு நியம விலகல் தாழ்ந்தோரையும் குறைபாடுடையோராகக் கருத இடந்தந்தது. 1973இல் அதே சங்கம் எல்லையை இரண்டு நியம விலகல் என மாற்றியது. நேற்று குறைபாடுடையோராயிருந்த பெருந்தொகையினர், மருந்தும் பயிற்சியுமின்றி, ஒரு வரியின் திருத்தத்தால் மறுநாள் குறைபாடற்றோராயினர். 1970இற் கலிபோர்னியாவில், வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளை ஆங்கிலத்திற் சோதித்துக் குறைபாடுடையோர் வகுப்பில் இட்டமை வழக்காயிற்று. தாய்மொழியில் மீளச் சோதித்தபொழுது பலரின் பெறுபேறு பெரிதும் உயர்ந்தது. அதன்பின் அங்கு தாய்மொழியிலேயே சோதித்தல் வேண்டுமென்பது நியதியாயிற்று.

இப்படிப்பினை கல்முனைக் கரைக்கும் உரியது. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்று வழங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, பாடநூலில் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்பவற்றைக் காண்கின்றது. பெரும்பான்மைப் பிள்ளைகள் இவ்வேற்றுமையைச் சில நாளிற் கடந்துவிடுவர். மெல்லக் கற்கும் பிள்ளைக்கோ அது முதற்படியிலேயே ஒரு தடை. வாசிக்கத் தெரியாமை வேறு, வாசிக்கும் சொல்லை வீட்டிற் கேளாமை வேறு என்பதை ஆசிரியர் பிரித்தறியாவிடின், பிழையான முடிவு பிள்ளையின் தலையில் ஏறிவிடும்.

ஆறு மணிநேரக் குறைபாடு

1960களின் இறுதியில் அமெரிக்காவில் ‘ஆறு மணிநேரக் குறைபாடுடைய பிள்ளை’ என்றொரு தொடர் பிறந்தது. பாடசாலையிற் கழியும் ஆறு மணிநேரத்தில் மட்டும் குறைபாடுடையோனாகக் கருதப்பட்டு, எஞ்சிய பதினெட்டு மணிநேரமும் வீட்டிலும் தெருவிலும் தன் அலுவலைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளை என்பது அதன் பொருள். அந்நாட்டு நகரச் சேரிகளைக் கருதிச் சொல்லப்பட்ட இத்தொடர் கீழ்க்கரைக்கும் இயைகின்றது.

கரைவலை இழுப்போர் வரிசையில் நிற்கும் சிறுவன் கயிற்றின் இழுவிசையைக் கொண்டே வலையின் நிலையை அறிவான். மருதமுனைத் தறியில் அறுந்த இழையை முடிந்துவிடும் சிறுமிக்குப் பாவு எது, ஊடை எது என்று யாரும் விளக்க வேண்டுவதில்லை. களவெட்டியில் மாடு சாய்ப்பவன் எத்தனை மரக்கால் நெல் அளந்தாயிற்று என்பதை ஓசையால் நினைவிற் கொள்வான். இத்தொழில்களிலெல்லாம் வேலை கூறு கூறாகப் பிரிந்து நிற்கின்றது. கூறு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகின்றது. நாள்தோறும் மீள நிகழ்கின்றது. பிழைத்தால் உடனே புலப்படுகின்றது. பக்கத்தில் மூத்தோர் ஒருவர் நிற்கின்றார். மெல்லக் கற்போர்க்கு வேண்டிய கற்பித்தல் முறை யாவும் இவற்றுள் அமைந்துள்ளன.

குடும்ப அமைப்பும் துணைநின்றது. இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். மணமான பெண் தன் தாய்வீட்டுச் சூழலிலேயே வாழ்தலின், தாயும் தாயின் உடன்பிறந்தாரும் அயலயலே குடியிருப்பர். மெல்லக் கற்கும் பிள்ளைக்குப் பல வீடுகள் உண்டு. பல கண்கள் உண்டு. எனினும் இதற்கு மறுபுறமும் உண்டு. எழுத்தறியாத இளைஞன் கூலிக் கணக்கில் ஏமாற்றப்பட்டான். ‘அவனுக்கு ஏன் படிப்பு’ என்ற இரக்கமே அவனைப் பாடசாலையினின்றும் விலக்கியது. பெண்ணாயின், பிறர் அறியாவண்ணம் வீட்டினுள் மறைக்கப்பட்டாள். அன்பு மிக்க இடத்திலும் கல்வி மறுக்கப்படலாம் என்பதற்கு இவ்வூர்கள் சான்று.

இலவசக் கல்வியும் கல்முனையும்

கல்முனைக் கரையின் கல்வி எழுச்சி 1940களில் நிகழ்ந்தது. காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறையும்வரை கிழக்கின் கல்விக்குப் பெருந்தூணாய் நின்றார். யாழ்ப்பாணத்திற் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற ஏ. எம். ஏ. அசீஸ் 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, விபுலாநந்தரோடு நட்புப் பூண்டு, முஸ்லிம்களின் கல்வி முன்னேற்றத்திற் கருத்தூன்றினார். வறிய மாணவர்க்கு உதவும் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அவர் முயற்சியால் 1945இல் தோன்றியது. அவ்வாண்டிலேயே கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. 1949இல் எம். எஸ். காரியப்பரின் முயற்சியாற் கல்முனை ஸாஹிராக் கல்லூரி எழுந்தது.

இப்பெரியோர் எதிர்நோக்கிய வினா ஒன்றே: அறிவிருந்தும் பொருளில்லாத பிள்ளையை மேலேற்றுவது எங்ஙனம்? அதற்கு அவர்கள் கண்ட விடை வெற்றி பெற்றது. வயற்கூலியின் மகன் பல்கலைக்கழகம் புகுந்தான். 1995இல் ஒலுவிலிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அவ்வெற்றியின் மணிமகுடம். ஆனால் பொருளுமின்றி விரைந்த அறிவுமின்றி வந்த பிள்ளைக்கு அவ்விடை போதவில்லை. பாடசாலைக் கதவு அவனுக்கும் திறக்கப்பட்டது. உள்ளே அவனுக்குரிய படி அமைக்கப்படவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை ஊரின் பெருமைக்கு அளவாக மாறியபொழுது, ஆசிரியரின் நேரம் முன்வரிசைக்கே செலவாயிற்று. தேறியோரின் படங்கள் மதிலில் ஏறுந்தோறும், கடைவரிசையின் மௌனம் மேலும் ஆழ்ந்தது.

சட்டமும் வகுப்பறையும்

இலங்கையிற் சிறப்புக் கல்வி 1912இல் இரத்மலானையில், மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்கும் பார்வையற்றோர்க்கும் நிறுவிய பாடசாலையோடு தொடங்கியது. கண்ணுக்குப் புலனாகும் குறையே முதலிற் கவனிக்கப்பட்டது இயல்பு. 1960களின் இறுதியில், இத்தகைய பிள்ளைகளைப் பொதுப் பாடசாலைகளிலேயே இணைத்துக் கற்பிக்கும் திட்டத்தை அரசு, பார்வையற்றோரை முன்வைத்துத் தொடங்கியது. பின்னர் பொதுப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் அமைந்தன.

1994இல் ஸ்பெயின் நாட்டுச் சலமன்காவிற் கூடிய உலக மாநாடு, எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பாடசாலை ஏற்றல் வேண்டுமென அறைகூவியது. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாகப் பாடசாலை அனுமதி மறுத்தலைத் தடைசெய்தது. 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கல்வி கட்டாயமாயிற்று. 2016இல் அவ்வெல்லை 16 ஆக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே இயலாமை உடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை ஏற்றுறுதி செய்தது. சாதாரண தரப் பரீட்சையில் தேறாதோரும் தொழிற்கல்வி வழியே தொடர்ந்து கற்க இடந்தரும் 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இல் தொடங்கியது. பிள்ளை வகுப்பில் இருத்தலைச் சட்டம் உறுதி செய்துவிட்டது. இருக்கும் பிள்ளை கற்றலைச் சட்டத்தால் உறுதிசெய்ய இயலாது. அது வகுப்பறையின் வேலை.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. கொட்டிலிலும் கூடாரத்திலும் பாடசாலை நடந்த காலத்தில், எத்தனையோ பிள்ளைகள் பாடத்திற் கவனமிழந்து வெறித்திருந்தனர். அவர்களின் மந்தம் துயரின் மந்தம். காலமும் அன்பும் அதனை ஆற்றும். பிறவியிலேயே மெல்லக் கற்போர்க்குக் காலத்தோடும் அன்போடும் கற்பித்தல் முறையும் வேண்டும். புறத்தே ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டையும் பிரித்தறிய, பிள்ளையின் முன்னைய வரலாற்றைப் பெற்றோரிடம் பொறுமையோடு கேட்டறிதலே முதற் கருவி. கண்ணும் காதும் சோதிக்கப்படாத பிள்ளையை மந்தமென்று முடிவுகட்டுதல் எக்காலத்தும் தகாது.

கற்பிக்கும் முறை

வரலாறு காட்டும் வழிகள் புதியன அல்ல. தறியில் ஓர் இழை அறுந்தால், அதனை முடியாமல் நாடாவை ஓட்டுவாரில்லை. ஓட்டினால் அப்பிழை துணியின் கடைசிவரை தொடரும். கல்வியிலும் அவ்வாறே. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக் கூட்டல் தெரியாவிடின், அங்குச் சென்று அவ்விழையை முடிதல் வேண்டும். இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999 முதல் நாடெங்கும் நடைமுறையாகியபொழுது, ஒவ்வொரு முதன்மை நிலையிலும் பிள்ளை தவறாது பெறவேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகளை வகுத்தமை இந்நோக்கத்திற்கு இயைந்ததே. பாடநூலை முடித்தலினும் அத்தேர்ச்சிகளை முடித்தல் மேலானது.

ஒரு முறைக்கு ஒரு கட்டளையே மெல்லக் கற்போன் மனத்தில் நிற்கும். ‘புத்தகத்தை எடுத்து, இருபதாம் பக்கத்தைத் திறந்து, மூன்றாம் வினாவுக்கு விடை எழுதுக’ என்பது ஆசிரியர்க்கு ஒரு வசனம். அப்பிள்ளைக்கு மூன்று வேலை. அவற்றைத் தனித்தனி சொல்லி, ஒன்று முடிந்தபின் மற்றொன்றுக்குச் செல்லுதல் நன்று. எண்ணைப் பலகையிற் காட்டுமுன் கையிற் காட்டல் வேண்டும்: சிப்பி, புளியங்கொட்டை, நாணயம் என்பன போதும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் இடப்பெறுமானத்தை விளக்கும். நூறு ரூபா நாணயத்தாளைக் கொடுத்துப் பொருள் வாங்கி மிச்சங் கணிக்கும் ‘வகுப்புக் கடை’ கழித்தலுக்குச் சிறந்த பாடம். வாசிப்புக்குப் பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகையும், மருந்துப் போத்தலின் சீட்டும், கடைப் பலகையும் பாடநூலாகலாம். அவை பிள்ளை நாளும் காண்பவை. நேற்றைய பாடத்தை இன்றும், இவ்வாரப் பாடத்தை அடுத்த வாரமும் மீட்டல் வேண்டும். மறந்தான் என்று சினத்தல் பயனற்றது; மறத்தலை எதிர்நோக்கியே பாடம் அமைய வேண்டும்.

அண்ட்ரூ பெல் சென்னையில் வளர்த்த ஏற்பாடும் கைவிடத்தக்கதன்று. ஆசிரியரின் விளக்கத்தைக் காட்டிலும் தோழனின் விளக்கம் சிலவேளை எளிதிற் புகும். கற்பிக்கும் தோழனுக்கும் பாடம் உறுதிப்படும். ஆனால் மெல்லக் கற்போன் என்றும் கேட்போனாகவே இருத்தல் ஆகாது. வலை முடிவதிலோ பாய் இழைப்பதிலோ அவன் பிறர்க்குக் கற்பிக்கும் நாளும் ஒன்று வருதல் வேண்டும். எல்லார் முன்னிலையிலும் எழுந்துநின்று வாசிக்கச் செய்து நகைப்புக்கிடமாக்குதல், பல நாட் கற்பித்தலின் பயனை ஒரு கணத்தில் அழித்துவிடும். விசேட கல்வி அலகு உள்ள பாடசாலையிலும், காலைக் கூட்டம், விளையாட்டு, சித்திரம் முதலியவற்றில் அப்பிள்ளைகள் ஏனையோருடன் கலந்திருத்தல் இன்றியமையாதது. அன்றேல் அலகு என்பது மதில் வைத்த கடைவரிசையாய் முடியும்.

முடிவுரை

இக்கல்வியால் வரும் பயன் பெரும் பதவியன்று. தன் பெயரையும் ஊரையும் எழுதுதல், மருந்தின் அளவை அறிதல், கூலியை எண்ணி வாங்குதல், கையொப்பமிடுமுன் தாளில் உள்ளதை வாசித்தல் என்பனவே. கடல் கடந்த நாடுகளுக்கு உழைக்கச் செல்வோர் மிகுந்த இக்கரையில், ஒப்பந்தத்தை வாசிக்கமாட்டாத ஒருவன் எவ்வளவு எளிதில் ஏமாற்றப்படுவான் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தாயும் தாயின் உடன்பிறந்தாரும் மறைந்தபின் தனித்து வாழ வேண்டிய காலத்தில், இச்சிறு அறிவே அவனுக்கு அரண்.

மாணாக்கரை வகுத்த நன்னூலார் மண்ணைக் கடைவரிசையில் வைத்தாரல்லர். ஓதற்பள்ளியின் லெப்பையும் ஒரு பாடத்துக்கு ஒரு மாதம் ஆயிற்றென்று பிள்ளையை அனுப்பிவிடவில்லை. மெல்லக் கற்போனைக் கடைவரிசைக்கு அனுப்பியது பிற்காலத்துப் பாடசாலையின் கடிகாரமே. அதனை மீளத் திருத்தி வைக்கும் கையும் பாடசாலையிலேயே உண்டு. கீழ்க்கரை உழவர் பள்ளக்காணியையும் மேட்டுக்காணியையும் ஒரே வகையாக உழுவதில்லை; மேட்டில் நீர் ஏறத் தாமதமாயிற்றென்று அதனைத் தரிசாக விடுவதும் இல்லை. வாய்க்காலை நீட்டி வெட்டுவர். அவ்வுழவரின் பிள்ளைகள் பயிலும் வகுப்பறையில் அவ்வறிவு ஆசிரியர்க்கும் வாய்க்குமாயின், கல்முனைக் கரையின் அடுத்த கல்வி வரலாறு தேறியோரை மட்டும் பாடாது, கற்றோர் அனைவரையும் பாடும்.